ஈரக்காற்று போன இடம்

மூச்சு விடுவது பற்றி எனக்கு ஒரு துண்டறிக்கை கொடுத்திருக்கிறார்கள். வழவழப்பான தாள், கண்ணைப் பறிக்கும் வண்ணம். அதில் ஒரு குடும்பம் சோபாவில் உட்கார்ந்து சிரித்துக்கொண்டிருக்கிறது. அவர்கள் வாயிலிருந்து நீலத் துளிகள் கிளம்பி வரிசையாகச் சுவரை நோக்கிப் போகின்றன. தூங்கும்போது விடுகிற மூச்சில் எவ்வளவு நீர் இருக்கிறது, மூடி போடாமல் சமைத்தால் எவ்வளவு ஆவி கிளம்புகிறது என்றெல்லாம் கீழே விவரித்திருக்கிறார்கள். ஈரத்தை உண்டாக்குவது நீங்கள்தான், கட்டுப்படுத்துவதும் உங்கள் கையில்தான் என்று முடித்திருக்கிறார்கள். இங்கிலாந்தின் வடக்கே ஒரு சிறு நகரத்தில், வாடகை வீட்டின் சமையலறையில் நின்றபடி இதை இரண்டு முறை படித்தேன். நான் பிறந்து வளர்ந்தது அருப்புக்கோட்டையில். என்னைப் பற்றி யார் யாரோ என்னென்னவோ சொல்லியிருக்கிறார்கள். ஈரத்தை உண்டாக்குகிறவன் என்று ஒருவரும் குறை சொன்னதில்லை.

ஊரிலிருந்து இதைப் படிக்கிறவர்களுக்கு முதலில் எங்கள் வீட்டைச் சொல்லிவிடுகிறேன். செங்கல் வீடுகள் ஒன்றையொன்று ஒட்டி நிற்கும் தெருவில் ஒன்று. கீழே ஒரு கூடமும் சமையலறையும், மேலே இரண்டு சிறு படுக்கையறைகள். என் மனைவி ஜெயராணி இங்குள்ள மருத்துவமனையில் நர்ஸ். அவளுக்குக் கிடைத்த விசாவில் தொற்றிக்கொண்டு நானும் மகள் ஷைனியும் வந்தோம். ஷைனிக்கு ஆறு வயது. நான் ஒரு கிடங்கில் பெட்டி அடுக்குகிறேன். நாங்கள் குடிவந்தபோதே சமையலறையில் துணி காயவைக்கும் டிரையர் ஒன்று இருந்தது. அதைப் பார்த்ததும் நான் சிரித்தேன். துணி காய்வதற்கு மின்சாரமா என்று ஜெயராணியிடம் கேட்டது நினைவிருக்கிறது. அக்டோபர் பிறந்ததும் அந்தச் சிரிப்பு நின்றுவிட்டது. கொல்லையில் கொடி கட்டி ஒரு சட்டையைத் தொங்கவிட்டேன். ஐந்தாம் நாள் அதை எடுத்தபோது பழைய கஞ்சி வாடை அடித்தது.

டிரையர் என்பது பெரிய விஷயமில்லை. ஓர் உருளைக்குள் துணி சுற்றும், சூடான காற்று அதன் ஊடே போகும். துணியிலிருந்து கிளம்பும் ஈரத்தைச் சுமந்த காற்று பின்பக்கத்துக் குழாய் வழியாக வெளியேற வேண்டும். யானைத் துதிக்கை போல மடிப்பு மடிப்பான வெள்ளைக் குழாய் அது. எங்கள் வீட்டில் அந்தக் குழாய் சமையலறைச் சுவரில் பொருத்தப்பட்ட ஒரு பிளாஸ்டிக் வளையத்தில் போய் முடிந்தது. வெளிப்புறச் சுவரில் அதே இடத்தில் சின்னதாக ஒரு காற்றுச் சல்லடையும் தெரிந்தது. உள்ளே வளையம், வெளியே சல்லடை. நடுவே துளை இருக்கும் என்றுதான் யாரும் நினைப்பார்கள். ஜெயராணியின் நர்ஸ் உடுப்பை ஒவ்வொரு ஷிப்ட் முடிந்ததும் துவைத்தாக வேண்டும். அதோடு ஷைனியின் பள்ளி உடுப்பு, என் கிடங்கு உடுப்பு. டிரையர் ஓடாத நாளே இல்லை.

நவம்பரில் ஷைனியின் அறையில் அலமாரிக்குப் பின்னால் கறுப்புப் புள்ளிகள் வந்தன. கடுகைச் சிதறவிட்ட மாதிரி இருந்தன. ஜெயராணி மருந்துத் தண்ணீர் போட்டுத் துடைத்தாள். இரண்டு வாரத்தில் திரும்ப வந்தன, இந்த முறை உள்ளங்கை அளவுக்குத் திட்டுத் திட்டாக. அந்த அறைக்குள் போனாலே மூக்கில் ஒரு புழுங்கல் வாடை ஏறியது. ஷைனி இருமத் தொடங்கினாள். டாக்டர் ஊதா நிறத்தில் ஓர் இன்ஹேலர் எழுதிக் கொடுத்தார்.

அந்த நாட்களில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, ஆராதனைக்குக் கிளம்பிக்கொண்டிருந்தோம். சமையலறையிலிருந்து ஜெயராணி கூப்பிட்டாள்.

"என்னங்க, இங்க வந்து கையை வச்சுப் பாருங்க. செவுரு வெதுவெதுங்குது."

"மிசினு ஓடுதுல்ல. அந்தச் சூடுதான்."

"மிசினு கிட்ட இல்லங்க. இந்தா, இம்புட்டு மேல. மிசினு ஓடும்போதுதான் இப்பிடி இருக்கு. நின்னா அரமணி நேரத்துல குளுந்துபோகுது. இந்தச் செவுருக்குள்ள என்னமோ இருக்கு."

நான் கையை வைத்தேன். வெதுவெதுப்பாகத்தான் இருந்தது. "வீட்டு ஏஜென்சிக்குச் சொல்லுவோம். வெவரம் தெரிஞ்ச ஆளு வந்து பாக்கட்டும்" என்றேன். விவரம் தெரிஞ்ச ஆள் என்று நான் சொன்னபோது அவள் என்னை ஒரு பார்வை பார்த்தாள். அதன் அர்த்தம் எனக்கு அப்போது புரியவில்லை.

அவள் அருப்புக்கோட்டைப் பக்கம் பரளச்சி என்ற கிராமத்துக்காரி. வானம் பார்த்த பூமி. அவள் அப்பா மிளகாய் போடுவார். பழம் பறித்துக் களத்தில் பரப்பினால் வத்தலாகிற வரை அவளும் அவள் தங்கைகளும்தான் காவல். காய்ந்த வத்தலைக் குலுக்கினால் உள்ளே விதை கலகலவென்று சத்தம் கேட்கும். சரியாகக் காயாததை அவசரப்பட்டு மூட்டையில் கட்டினால் வெளியே ஒன்றும் தெரியாது. மூட்டையின் நடுவில் கையை விட்டால் சூடு தெரியும். உள்ளே ஈரம் புழுங்குகிறது என்று அர்த்தம். அப்படியே விட்டால் வெள்ளைப் பூசணம் பூத்து மூட்டை மொத்தமும் வீணாகும். ஒன்பது வயதிலேயே மூட்டைக்குள் கைவிட்டு நல்லது கெட்டது சொல்வாள் என்று என் மாமனார் எங்கள் கல்யாணத்தன்று என்னிடம் பெருமையாகச் சொன்னார். இதெல்லாம் எனக்குத் தெரியும். தெரிந்தும் அந்த ஞாயிற்றுக்கிழமை எனக்கு அது ஒரு தகவலாகவே படவில்லை.

ஏஜென்சி அனுப்பிய ஆய்வாளரின் பெயர் கிரகாம். ஐம்பது வயதிருக்கும், தன்மையாகப் பேசினார். வந்தவர் வாசலில் காலணியைக் கழற்றினார், அதற்கே நான் உருகிவிட்டேன். இரண்டு ஊசி நீட்டிக்கொண்டிருக்கும் ஈரம் அளக்கும் கருவியைச் சுவரில் குத்தினார், அது கீச் கீச்சென்று கத்தியது. ஜெயராணிக்கு அன்று பகல் ஷிப்ட், நான் மட்டும்தான் வீட்டில் இருந்தேன். துணியை வீட்டுக்குள்ளேயா உலர்த்துகிறீர்கள் என்று கேட்டார். டிரையர் வீட்டுக்குள்தானே இருக்கிறது? ஆமாம் என்றேன். அவர் கேட்டது ஈரத்துணியை அறைக்குள் தொங்கவிடுகிறீர்களா என்று. எனக்கு அது பிற்பாடுதான் புரிந்தது. நீராவியில் நிறையச் சமைப்பீர்களா என்று அடுத்துக் கேட்டார். நம் சாப்பாட்டின் மேல் ஆர்வம் போலிருக்கிறது என்று நினைத்து இட்லிப் பாத்திரத்தையே எடுத்துக் காட்டினேன். எண்ணெயே வேண்டாம், எல்லாம் நீராவியில் வேகும், உடம்புக்கு நல்லது என்று விளக்கினேன். அவர் தலையாட்டித் தலையாட்டி எழுதிக்கொண்டார். டிரையரைக் காட்டி, காற்று வெளியே போகிறதல்லவா என்றார். குழாய் சுவருக்குள் போவதைக் காட்டி "யெஸ், யெஸ்" என்றேன். அவர் அதை நகர்த்திப் பார்க்கவில்லை. சுவர் வெதுவெதுப்பாக இருக்கிறது என்று மனைவி சொன்னதை நான் சொல்லவுமில்லை. அதற்கான இங்கிலீஷ் வார்த்தையைத் தேடிக்கொண்டிருந்தேன், அதற்குள் அவர் காலணியை மாட்டிக்கொண்டிருந்தார்.

பத்து நாளில் அறிக்கை வந்தது. கட்டடத்தில் குறையில்லை, ஈரத்துக்குக் காரணம் குடியிருப்போரின் லைஃப்ஸ்டைல் என்று இருந்தது. நீராவிச் சமையல், உட்புறத்தில் துணி உலர்த்துவது, போதிய காற்றோட்டமின்மை. நான் சொன்ன ஒவ்வொரு வார்த்தையும் அதில் எனக்கு எதிராக உட்கார்ந்திருந்தது. அதோடு இணைத்து அனுப்பியதுதான் முதலில் சொன்ன துண்டறிக்கை.

இங்கேதான் நான் செய்ததைச் சொல்ல வேண்டும். அந்த அறிக்கையைப் படித்து எனக்குக் கோபம் வந்திருக்க வேண்டும். வரவில்லை, வெட்கம்தான் வந்தது. நாம் ஏதோ தப்பாக வாழ்ந்துவிட்டோம், சரியாக வாழக் கற்றுக்கொள்ள வேண்டும் என்று தோன்றியது. வீட்டில் சட்டம் போட்டேன். இட்லி கூடாது. குளியலறைக் கதவைத் திறந்து வைத்துவிட்டு வரக்கூடாது. வெளியே உறைபனி விழுந்தாலும் காலையில் ஒரு மணி நேரம் ஜன்னல் திறந்திருக்க வேண்டும். வீட்டைச் சூடாக்கும் ரேடியேட்டரின் மேல் ஒரு சாக்ஸைக்கூடப் போடக்கூடாது, எல்லாவற்றையும் டிரையரில்தான் போட வேண்டும் என்று துண்டறிக்கையில் இருந்தது. போட்டேன், ஒரு நாளைக்கு இரண்டு தடவை. பன்னிரண்டு மணி நேரம் வார்டில் நின்றுவிட்டு வருகிற ஜெயராணியிடம், பாத்திரத்துக்கு மூடி போட்டாயா என்று கேட்டுக்கொண்டு நின்றேன்.

ஒருநாள் அவள் ரசம் வைத்துக்கொண்டிருந்தாள். அவளுக்கே சளி பிடித்திருந்தது. மூடி இல்லாமல் நுரை கட்டிக்கொண்டு வந்தது ரசம். நான் கத்திவிட்டேன். "ஒனக்கு எத்தன தடவ சொல்றது? புள்ள இருமுறது காதுல விழுகலயா?" என்றேன். அடுப்பை அணைத்தாள். ரசத்தை அப்படியே தொட்டியில் ஊற்றினாள். இரண்டு துண்டு ரொட்டியை எடுத்துக்கொண்டு போய்ப் படிக்கட்டில் உட்கார்ந்து தின்றாள். அன்றிலிருந்து தேவைக்கு மட்டும்தான் பேசினாள். ஷைனியை யார் கூப்பிடப் போவது, பால் இருக்கிறதா, அவ்வளவுதான்.

சுவரில் கறுப்புத் திட்டுகள் குறையவில்லை, கூரை வரை ஏறின. ஜனவரியில் ஒரு மதியம் பள்ளியிலிருந்து போன் வந்தது. ஷைனிக்கு மூச்சு வாங்குகிறது, ஆம்புலன்ஸைக் கூப்பிட்டிருக்கிறோம் என்றார்கள். ஜெயராணி வேலை பார்க்கும் அதே மருத்துவமனைக்குத்தான் கொண்டுபோனார்கள். நான் ஓடிச் சேர்ந்தபோது ஷைனியின் முகத்தில் மருந்துப் புகை வரும் மூடியை மாட்டியிருந்தார்கள், விலா எலும்பு உள்ளே உள்ளே போய் வந்தது. ஜெயராணி தன் வார்டிலிருந்து உடுப்போடு வந்து அவள் காலைப் பிடித்துக்கொண்டு நின்றாள். என் பக்கம் திரும்பவில்லை. சாயங்காலம் மூச்சு சீராகி வீட்டுக்கு அனுப்பினார்கள். எந்த வீட்டுக்கு? பூசணம் பூத்த அதே வீட்டுக்கு. அன்று முதல் ஷைனியைக் கீழே கூடத்தில் படுக்க வைத்தோம்.

ஏஜென்சிக்குப் போன் செய்தேன். எம்மா என்கிற பெண் எடுத்தாள். ஆலோசனைகளைப் பின்பற்றினீர்களா என்று கேட்டாள். எல்லாவற்றையும் பின்பற்றினேன், சுவர் மோசமாகிறது என்றேன். அப்படியானால் சரியாகப் பின்பற்றவில்லை என்றுதான் அர்த்தம் என்றாள், குரலில் துளி கடுமையும் இல்லாமல். வீட்டுக்குச் சேதம் தொடர்ந்தால் ஒப்பந்தத்தைப் புதுப்பிப்பது பற்றி உரிமையாளர் யோசிக்க வேண்டியிருக்கும் என்றும் சொன்னாள். இந்த ஊரில் என்னைக் கலங்கடிப்பது இதுதான். கோபமாகப் பேசினால் நானும் கோபப்படலாம். தேனொழுகப் பேசிக்கொண்டே வீட்டைக் காலி செய்யச் சொல்வார்கள், நான் கடைசியில் 'தேங்க்யூ' சொல்லிப் போனை வைப்பேன். அன்றும் சொன்னேன்.

பக்கத்து வீட்டுக்காரர் தாமஸ். போலந்திலிருந்து வந்தவர், பஸ் ஓட்டுகிறார். அவர் இங்கிலீஷும் என் இங்கிலீஷும் சந்தித்துக்கொள்வது அபூர்வம். அந்த வாரத்தில் ஒரு காலை, தெருவெல்லாம் வெள்ளையாக உறைந்து கிடந்தது. குப்பைத் தொட்டியைத் தள்ளிக்கொண்டு வெளியே வந்தேன். அவர் எங்கள் சுவரைக் காட்டி, "யுவர் ஹவுஸ், நோ ஸ்மோக்" என்றார்.

நான் சிகரெட் குடிப்பதில்லை என்று சொன்னேன். அவர் இல்லையென்று தலையை ஆட்டினார். திரும்ப, "நோ ஸ்மோக். நெவர்" என்றார். எங்கள் வீட்டுச் சமையல் புகையைத்தான் சொல்கிறார், அவருக்கும் துண்டறிக்கை வந்திருக்கும் என்று நினைத்தேன். ஏற்கெனவே நொந்துபோயிருந்தவனுக்கு எரிச்சல் முட்டியது. நாங்கள் இப்போது சமைப்பதே இல்லை என்று வெடுக்கென்று சொல்லிவிட்டுத் திரும்பினேன். அவர் என் கையைப் பிடித்து இழுத்துப் போய்த் தன் வீட்டுச் சுவரின் முன்னால் நிறுத்தினார். அவருடைய சல்லடையிலிருந்து வெள்ளை வெளேரென்று ஆவி புஸ்புஸ்ஸென்று வந்துகொண்டிருந்தது. அவர் மனைவி டிரையர் போட்டிருந்தாள். எதிர் வரிசையைக் காட்டினார். அங்கே இரண்டு வீட்டுச் சுவர்களிலும் அதே மாதிரி ஆவி. பிறகு என் வீட்டுச் சல்லடையைக் காட்டினார். எங்கள் டிரையரும் அப்போது ஓடிக்கொண்டுதான் இருந்தது, நான்தான் போட்டுவிட்டு வந்திருந்தேன். சல்லடையில் ஒரு சுருள் ஆவி இல்லை. அதன் கம்பிகளில் உறைபனி அப்படியே ஒட்டியிருந்தது.

அங்கேயே நின்றேன். அந்தக் குளிரில் எனக்கு எங்கள் மில் நினைவுக்கு வந்தது.

அருப்புக்கோட்டையிலிருந்து திருச்சுழி போகிற ரோட்டில் ஒரு நூல் மில்லில் ஒன்பது வருடம் வேலை பார்த்தவன் நான். என் வேலை காற்றில். நம் பக்கத்து வறண்ட காற்றில் பஞ்சு முறுமுறுவென்று ஆகிவிடும், நூல் நிமிஷத்துக்கு நிமிஷம் அறுந்துபோகும். அதனால் மில்லுக்குள் ஓடும் காற்றை ஈரமாக்க ஒரு தனிக் கூடம் இருக்கும். பிளாண்டு என்போம். பொடிச் சாரலாகத் தண்ணீரைத் தெளித்து, அதன் ஊடே காற்றை இழுத்து, குழாய்கள் வழியாக மிஷின்கள் நிற்கிற கூடத்துக்கு அனுப்ப வேண்டும். அதை ஓட்டியவன் நான். ஈரத்தை உண்டாக்குவதற்குத்தான் எனக்குச் சம்பளம். கூடத்தின் தூணில் இரண்டு தெர்மாமீட்டர்கள் அருகருகே தொங்கும். ஒன்றின் குமிழில் ஈரத்துணி சுற்றியிருக்கும். காற்று வறண்டிருந்தால் துணியிலிருந்து ஈரம் வேகமாகப் போகும், அந்தத் தெர்மாமீட்டர் இறங்கும். காற்றில் ஈரம் நிறைந்திருந்தால் இரண்டும் கிட்டத்தட்ட ஒன்றையே காட்டும். மணிக்கு ஒரு தடவை பார்த்து எழுதுவேன். குழாயில் எங்கேயாவது விரிசல் விட்டால் காற்று வழியிலேயே கசிந்து, அந்த இடத்துச் சுவர் வியர்க்கும். சுவரைத் தடவியே கண்டுபிடித்துவிடுவோம். இவ்வளவும் தெரிந்தவன், கீச்சென்று கத்துகிற கருவியோடு ஒருவர் வந்ததும் கையைக் கட்டிக்கொண்டு நின்றேன். கடல் தாண்டி வந்தவனுக்கு அதுவரை தெரிந்ததெல்லாம் செல்லாது என்று இங்கே யாரும் என்னிடம் சொல்லவில்லை. நானாக அப்படி முடிவு செய்துகொண்டிருந்தேன்.

மில்லில் என்னோடு இருந்த கருப்பசாமிக்குப் போன் போட்டேன். அங்கே சாயங்கால ஷிப்ட்.

"ஏலே, பிளாண்டுல செவுத்துல ஒரு சார்ட்டு ஒட்டிருக்கும்ல, ரெண்டு தெர்மாமீட்டரையும் பாத்து ஈரம் எம்புட்டுன்னு சொல்றது. அத ஒரு போட்டோ எடுத்து அனுப்பு."

"எதுக்குலே? லண்டன்ல மில்லு கில்லு ஆரம்பிக்கப் போறியா?"

"லண்டன் இல்லலே. வீட்டுக்குள்ள ஈரமா இருக்கு."

"ஈரமா இருந்தா நல்லதுதானலே. இங்க தண்ணி லாரி ரெண்டு நாளா வரல, பிளாண்ட நிப்பாட்டி வச்சிருக்கோம். நூலு அறுந்து அறுந்து மேனேஜரு உயிர வாங்குறாரு. அந்த ஈரத்தக் கொஞ்சம் இங்கிட்டு அனுப்பிவிடு."

அவன் சிரித்தான். எனக்குச் சிரிப்பு வரவில்லை. ஆனாலும் ஐந்து நிமிஷத்தில் போட்டோ வந்துவிட்டது. மஞ்சளேறிய சார்ட், ஓரத்தில் என் கையெழுத்தில் பழைய கணக்கு ஒன்று.

கடையில் இரண்டு தெர்மாமீட்டர் வாங்கினேன். ஒன்றின் குமிழில் ஜெயராணியின் மருந்துப் பெட்டியிலிருந்து காயத்துக்குக் கட்டும் காஸ் துணியைச் சுற்றி நனைத்தேன். ஷைனி பள்ளிக்கும் ஜெயராணி வேலைக்கும் போன ஒரு நாள், வீட்டில் நான் மட்டும். அடுப்பைப் பற்றவைக்கவில்லை, குளிக்கவில்லை. ஷைனியின் அறை ஜன்னலையும் கதவையும் சாத்தினேன். இரண்டு தெர்மாமீட்டருக்கும் நடுவே நான்கு டிகிரி வித்தியாசம் இருந்தது. கீழே போய் நனைந்த துணிகளைப் போட்டு டிரையரை ஓடவிட்டேன். ஒரு மணி நேரம் கழித்து மேலே வந்து பார்த்தால் வித்தியாசம் ஒரு டிகிரிகூட இல்லை. மூச்சு விடவும் ஆளில்லாத அறையில், சமையலறையிலிருந்து ஒரு மாடி மேலே, காற்று ஈரத்தில் ஊறிக்கிடந்தது.

டிரையரை முன்னுக்கு இழுத்தேன். குழாயைக் கழற்றி, பிளாஸ்டிக் வளையத்தின் நான்கு திருகுகளையும் எடுத்தேன். வளையம் கையோடு வந்தது. பின்னால் குழாய் எதுவும் இல்லை. சுவரின் உட்பக்கம் ஒட்டியிருந்த மெல்லிய பலகையில் மட்டும்தான் துளை. அதற்கும் செங்கல் சுவருக்கும் நடுவே நான்கு விரல் இடைவெளி. கையை விட்டேன். விரல்கள் போனதுமே முழுச் செங்கலில் முட்டின. செங்கலில் துளையே போடவில்லை. வெளியே இருந்த சல்லடை சும்மா ஒட்டவைத்தது. யாரோ ஒருவர் சமையலறையைப் புதுப்பித்தபோது வேலை முடிந்த மாதிரி காட்டிவிட்டுப் போயிருக்கிறார். எங்கள் துணிகளின் ஈரம் அவ்வளவும் அந்த இடைவெளிக்குள் ஏறி, மேலே ஷைனியின் சுவருக்குள் போய் நின்றிருக்கிறது. கையை வெளியே எடுத்தபோது நாய்க்குட்டி நக்கிய மாதிரி ஈரமாக இருந்தது. பலகையின் பின்பக்கம் கறுப்பாக மயிர் முளைத்தது போலப் பூசணம்.

நான் திரும்பவும் மூடவில்லை. அவள் வரட்டும் என்று காத்திருந்தேன். ஜெயராணி வந்தாள், கோட்டைக்கூடக் கழற்றாமல் அந்தத் துளையைப் பார்த்தாள். குனிந்து கையை உள்ளே விட்டாள். கொஞ்ச நேரம் வெளியே எடுக்கவில்லை.

"அன்னைக்கே சொன்னேன்" என்றாள்.

"ஆமா."

"அந்த ஆளு மீட்டர வச்சுச் சொன்னா நம்புவீக. நான் கைய வச்சுச் சொன்னா நம்ப மாட்டீக. புள்ளைக்கி மூச்சு வாங்குனப்ப, நான் வச்ச ரசத்தாலயோ, நான் அவிச்ச இட்லியாலயோன்னு எனக்கே சந்தேகம் வந்துபோச்சு தெரியுமா? வார்டுல நின்னு அழுதேன்."

நான் அந்த நேரத்தில் மன்னிப்புக் கேட்டிருக்க வேண்டும். கேட்கவில்லை. ஏஜென்சியின் மேல் எனக்கிருந்த கோபத்தைப் பேசத் தொடங்கினேன். விடமாட்டேன், எழுதப்போகிறேன், அவர்கள் ஷைனியிடம் மன்னிப்புக் கேட்க வேண்டும் என்று. அவள் கேட்டுக்கொண்டே கோட்டைக் கழற்றி மாட்டினாள்.

துளையைப் போட்டோ எடுத்து ஏஜென்சிக்கு அனுப்பியதும் மூன்றே நாளில் ஆள் வந்தான். செங்கலில் துளையிட்டு, தகரக் குழாய் பொருத்தி, நனைந்த பலகையை மாற்றி, ஷைனியின் அறைக்குப் புதிதாகப் பெயின்ட் அடித்துவிட்டுப் போனான். டிரையரைப் போட்டதும் வெளியே ஆவி புகைவண்டி மாதிரி கிளம்பியது. தாமஸ் தன் வாசலில் நின்று கட்டைவிரலை உயர்த்தினார். ஏஜென்சியிடமிருந்து ஒரு கடிதமும் வந்தது. ஈரப் பிரச்சினை தீர்க்கப்பட்டதாகவும், உங்கள் ஒத்துழைப்புக்கு நன்றி என்றும் எழுதியிருந்தார்கள். கூடவே, சமைக்கும்போது பாத்திரங்களை மூடிவைக்க மறவாதீர்கள் என்று ஒரு வரி. லைஃப்ஸ்டைல் அறிக்கையைத் திரும்பப் பெறுவதாக ஒரு வார்த்தை இல்லை. வருத்தம் என்ற சொல்லே இல்லை.

அந்த ஒரு வரியைப் படித்ததும் உட்கார்ந்து நான்கு பக்கத்துக்குப் பதில் எழுதினேன். சொல்லாத மன்னிப்புக்காக, பார்க்காத துளைக்காக, ஒரு குழந்தையின் மூச்சுக்காக. இங்கிலீஷைச் சரிபார்க்கச் சொல்லி ஜெயராணியிடம் நீட்டினேன். அவள் நிதானமாகப் படித்தாள். இரண்டு எழுத்துப் பிழைகளைத் திருத்தினாள். தாளைத் திருப்பிக் கொடுக்கும்போது, "நல்லா எழுதிருக்கீக. அவுக மன்னிப்புக் கேக்கணும்னு எழுதிருக்கீக. நீங்க கேட்டீகளா?" என்றாள்.

குரல் உயரவில்லை. அந்தத் தாளைப் பிடித்துக்கொண்டு சமையலறையில் நின்றேன். பிறகு கேட்டேன். எப்படிக் கேட்டேன் என்பது எங்கள் இருவருக்கும் இடையில் இருக்கட்டும். அவள் உடனே சரியென்று சொல்லவில்லை என்பதை மட்டும் சொல்கிறேன். அடுத்த வாரம் ஒருநாள் வேலையிலிருந்து வந்தபோது வீட்டில் ரசம் கொதிக்கும் வாசனை இருந்தது. மூடி போட்டிருந்தாளா என்று நான் எட்டிப் பார்க்கவில்லை. ஏஜென்சிக்கு எழுதிய கடிதத்தை அனுப்பினேன். பதில் இதுவரை வரவில்லை. வராது.

பள்ளி விடுமுறை ஜூலைக் கடைசியில்தான் வந்தது. மூன்று பேரும் அருப்புக்கோட்டை போனோம், என் அக்கா எஸ்தர் வீட்டுக்கு. ஆடிக் காற்று அனலாக அடித்துக்கொண்டிருந்தது. இறங்கிய மறுநாளே என் உதடு வெடித்தது. ஜெயராணிக்குக் கைத்தோல் வெளுத்துப் பொருக்குத் தட்டியது. மூன்றாம் நாள் மதியம் சாப்பிட்டுக்கொண்டிருந்த ஷைனியின் தட்டில் சொட்டுச் சொட்டாக ரத்தம். மூக்கிலிருந்து வந்தது. அவள் பயந்து அலறினாள். இருமலில் பார்த்த பயம் எங்கள் இருவருக்கும் திரும்பவும் வந்துவிட்டது, ஆட்டோ பிடித்து ஓடினோம். டாக்டர் சாவகாசமாகப் பார்த்துவிட்டு, ஒன்றுமில்லை, ஈரக் காற்றுக்குப் பழகிவிட்ட பிள்ளை, இந்த வறட்சி மூக்குக்கு ஒத்துக்கொள்ளவில்லை, படுக்கிற அறையில் ஈரத்துணி கட்டிவிடுங்கள் என்றார்.

வீட்டுக்கு வந்ததும் ஜெயராணி தன் பருத்திச் சேலை ஒன்றை நனைத்து, அறையின் குறுக்கே கயிறு கட்டித் தொங்கவிட்டாள். ஷைனியை அதன் பக்கத்தில் படுக்க வைத்து, மின்விசிறியை நிறுத்தினேன். அக்கா எட்டிப் பார்த்தாள்.

"என்ன தம்பி இது? வெளிய போட்டா அஞ்சு நிமிசத்துல காஞ்சிரும். வீட்டுக்குள்ள போட்டு, ஃபேனையும் நிப்பாட்டிட்ட?"

"காயக் கூடாதுக்கா. ஈரமாவே இருக்கணும்."

அக்காவுக்குப் புரியவில்லை. டாக்டர் சொன்னதை ஜெயராணி சொன்னாள். அக்கா ஷைனியின் மூக்கில் வைத்திருந்த பஞ்சைப் பார்த்தாள், சேலையைப் பார்த்தாள். "அங்க பனியில கெடந்த புள்ளதான, பாவம். இந்த வெக்க இப்ப அதுக்கு எங்க ஒத்துக்கிடும்" என்று சொல்லிவிட்டுக் கூடவே உட்கார்ந்தாள். சேலை நடுவிலிருந்து காயத் தொடங்கியது. அடர்ந்த நீலம் வெளுத்து வெளுத்து ஓரம் வரை போக அரை மணி நேரம்கூட ஆகவில்லை. எடுத்துப்போய் நனைத்து வந்தேன். திரும்பவும் காய்ந்தது, திரும்பவும் நனைத்தேன். தெருக்குழாயில் தண்ணீர் வந்து நான்கு நாள் ஆகியிருந்தது. பின்கட்டில் இருந்த ஒற்றை நீல டிரம்தான் அக்கா வீட்டுக்கு மொத்தத் தண்ணீர். மூன்றாவது தடவை நான் வாளியை எடுத்துக்கொண்டு போனபோது, அக்கா எனக்கு முன்னால் போய் டிரம்மின் மூடியைத் திறந்து வைத்துக்கொண்டு நின்றாள். அடியில் கிடந்த தண்ணீரைத் தோள் வரை உள்ளே குனிந்துதான் மொள்ள முடிந்தது.